கெச்கெமேட்டின் கோடாய் இன்ஸ்டிட்யூட்: பாட்டுச் சொல்லித்தருகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம்

வெளிநாடு போய் இசை படிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் பெங்களூர்த் தமிழர்களில் நிறையப் பேர் உண்டு. லண்டன், வியன்னா, பாஸ்டன் என்றுதான் பேச்சு ஓடும். ஹங்கேரியில் கெச்கெமேட் என்ற ஊரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஊரில், பாட்டு டீச்சர்களுக்குப் பயிற்சி தரும் கோடாய் இன்ஸ்டிட்யூட்டை நேரில் போய்ப் பார்த்து, வகுப்புகளில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவராக இருந்தால் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மேடைக் கச்சேரிதான் உங்கள் லட்சியம் என்றால் இது உங்களுக்கான இடம் இல்லை. இரண்டையும் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வளர்ந்தது அல்சூர். அப்பா ரயில்வே. படிப்பு பி.காம்., பாட்டில் கர்நாடக அரசுத் தேர்வுகளான ஜூனியர், சீனியர், வித்வத் மூன்றும் முடித்திருக்கிறேன். இந்திராநகரில் ஒரு பள்ளியில் மியூசிக் டீச்சர். மாலையில் வீட்டில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, கீதம் என்று சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டு வகுப்பில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம்தான் பல வருடமாக மனதை அரிக்கிறது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். நாலைந்து பேர் பாடுவார்கள், மற்றவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். தனியாக எழுப்பி நிறுத்திப் பாடச் சொன்னால் சுருதி எங்கேயோ போய்விடும். தினம் கூடவே உட்கார வைத்துக் கற்றுத்தருகிற குருகுல வழி, நாற்பது பேருக்கு வாரம் இரண்டு பீரியடில் எப்படி நடக்கும்? இதற்கென்றே யாராவது உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் என்று தேடினேன். அப்படித்தான் ஹங்கேரி இசையமைப்பாளர் கோடாயின் பெயர் கிடைத்தது.

கோரமங்களாவில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்கிற ஒரு நிறுவனத்துக்கும் போனேன். இசை என்று சொன்னதும் வேறு பாடத்துக்கு மாற்றப் பார்த்தார்கள். அங்கே போனது வீண். நேராக இன்ஸ்டிட்யூட்டுக்கே மெயில் எழுதி, வகுப்புகளைப் பார்க்க அனுமதி வாங்கினேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

ஜோல்தான் கோடாய் 1882-இல் இதே கெச்கெமேட்டில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் ரயில்வே ஊழியர்தான். 1905-இல் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாட்டுகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். இன்னொரு ஹங்கேரி இசையமைப்பாளரான பேலா பார்டோக்கும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார். பெரிய இசையமைப்பாளர் என்று பெயர் வாங்கிய பிறகு, பள்ளிப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு மனம் நொந்து, அவர்களுக்காகவே கொயர் (சேர்ந்திசைக் குழு) பாட்டுகளும் பயிற்சிகளும் எழுதத் தொடங்கினார். இசை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது, பள்ளியில் தினமும் பாட்டு இருக்க வேண்டும், வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் குரல் பழக வேண்டும் என்பதெல்லாம் அவர் விடாமல் சொன்னவை. 1950-இல் கெச்கெமேட்டில் தினமும் பாட்டு வகுப்பு நடக்கும் முதல் ஆரம்பப் பள்ளியை மார்த்தா நெமெஷ்செகி நடத்தினார். பின்னாளில் அந்த மாதிரிப் பள்ளிகள் ஹங்கேரியில் நூற்றுக்கும் மேல் ஆயின. கோடாய் 1967-இல் மறைந்தார். இந்த இன்ஸ்டிட்யூட் 1975-இல் தொடங்கியது. 2005 முதல் புடாபெஸ்டில் இருக்கும் லிஸ்ட் அகாடமி என்ற இசைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவாக இருக்கிறது.

பெங்களூரிலிருந்து புடாபெஸ்டுக்கு நேரடி விமானம் இல்லை, எங்காவது மாறித்தான் போக வேண்டும். புடாபெஸ்ட் நியுகாட்டி ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். வழியெல்லாம் சமவெளி. ஊர் சின்னது, சுத்தமானது. ஒயிட்ஃபீல்டில் நாம் பார்க்கிற அதே மெர்சிடிஸுக்கு இங்கே கார் தொழிற்சாலை இருக்கிறது. நடுச்சதுக்கத்தில் எடென் லெக்னர் கட்டிய நகர மண்டபம் அழகோ அழகு. இன்ஸ்டிட்யூட் அங்கிருந்து நடை தூரம்தான். பிரான்சிஸ்கன் துறவிகள் வாழ்ந்த பழைய மடம் அது. தடித்த சுவர், வளைவான கூரை, நடுவில் முற்றம். ஓர் அறையில் யாரோ பாடினால் நடைபாதை முழுக்கக் கேட்கிறது.

இனி வகுப்புக்கு வருகிறேன். நான் முதலில் உட்கார்ந்தது சோல்ஃபெஜ் வகுப்பு, அதாவது ஸ்வரப் பெயர் சொல்லிப் பாடிக் காதைப் பழக்குகிற வகுப்பு. ஜப்பான், கொரியா, கிரீஸ், அமெரிக்கா என்று பல நாட்டு மாணவர்கள், எல்லாரும் ஏற்கெனவே எங்கோ டீச்சராக இருப்பவர்கள் அல்லது ஆகப்போகிறவர்கள். பாடம் ஆங்கிலத்தில். ஆசிரியை ட்யூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துக்கொண்டார், ஒரு ஸ்வரத்தை முனகினார், அவ்வளவுதான். அறையில் பியானோ இருந்தது. அதை அவர் திறக்கவே இல்லை.

இரண்டு கைகளையும் தூக்கினார். நம் ச ரி க ம ப த நி மாதிரி அவர்களுக்கு தோ, ரே, மி, ஃபா, சோ, லா, தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை சைகை உண்டு. இடது கை ஒரு பாதி வகுப்புக்கு, வலது கை மறுபாதிக்கு. இடது கை 'தோ'வைக் காட்டும் முஷ்டியாக இடுப்பு உயரத்தில் அப்படியே நின்றது. வலது கை மேலே 'சோ'வுக்கு உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பியது, 'லா'வுக்கு மணிக்கட்டை உயர்த்தி விரல்களைத் தொங்கவிட்டது, திரும்பவும் 'சோ', பிறகு 'மி'க்குத் தரையைப் பார்த்துக் கிடையாக நின்றது. ஒரு பாதி ஆதார ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மறுபாதி அதன் மேல் பாடியது. தம்புரா இல்லாத அறையில் பாடுகிறவர்களே தம்புராவாக இருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கொஞ்ச நேரத்தில் கைகள் மாறின, வலது பக்கம் ஆதாரம், இடது பக்கம் பாட்டு. அப்புறம் ஆசிரியை உதட்டில் விரலை வைத்தார். கை மட்டும் ஓடுகிறது, சத்தமே இல்லை. எல்லாரும் மனதுக்குள் பாடுகிறார்கள். திடீரென்று கையை விரித்ததும் அத்தனை பேரும் ஒரே ஸ்வரத்தில், ஒரு இழை பிசகாமல் வந்து சேர்ந்தார்கள்.

இந்த மனதுக்குள் பாடுகிற பயிற்சி ஒன்றுக்காகவே இவ்வளவு தூரம் போனது வீணில்லை. என் பள்ளி வகுப்பில் இல்லாதது இதுதான். பிள்ளைகள் வெளியே கேட்பதைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள், உள்ளே ஒன்றும் ஓடுவதில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு ஸ்வரத்தை மட்டும் நகர்த்தினால் அந்தப் பின்தொடரும் பழக்கத்துக்கு வழியே இல்லை. நாற்பது பேரோடும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை.

கை சைகைகள் கோடாய் கண்டுபிடித்தவை இல்லை. இங்கிலாந்தில் ஜான் கர்வென் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தவற்றை ஹங்கேரிக்காரர்கள் எடுத்துக்கொண்டு மெருகேற்றினார்கள். ஸ்வரப் பெயர்களின் முதல் எழுத்துகளால் பாட்டை எழுதும் அவருடைய டானிக் சோல்ஃபா முறை நம் ஊருக்கும் புதிதல்ல. ஃப்ரேசர் டவுனில் சர்ச் கொயரில் பாடும் என் தோழியின் அம்மா அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல் பகுதி) பாடுவார்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இந்த முறையில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. நம் ஷட்ஜம் எந்தக் கட்டையிலும் நிற்கும், அவர்களுடைய 'தோ'வும் அப்படியே. குழந்தைகளுக்கு முதலில் கற்றுத்தருவது 'சோ', 'மி' என்ற இரண்டே ஸ்வரம். நம் கணக்கில் பஞ்சமமும் அந்தர காந்தாரமும். பிறகு 'லா', அதாவது சதுச்ருதி தைவதம். 'தோ', 'ரே' சேர்ந்து ஐந்தானதும் கையில் இருப்பது சாட்சாத் மோகனம்.

ஆனால் மேற்கத்திய இசையின் மைனர் ஸ்கேல் வந்ததும் பாதை பிரிகிறது. அங்கே வீடு, அதாவது பாட்டு வந்து நிற்கும் ஆதார ஸ்வரம், 'லா'. மைனர் ஸ்கேலை 'லா தி தோ ரே' என்று பாடுவார்கள். நமக்கு ராகம் எதுவானாலும் வீடு ஷட்ஜம்தான். அவர்கள் 'லா' என்று பாடும் இடத்தில் என் காது 'ச' என்றே கேட்டது. இதைச் சொன்னதும் ஆசிரியை என்னையே பாடச் சொன்னார். மோகனத்தைப் பாடிக் காட்டிவிட்டு, அதன் தைவதத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு கிரகபேதம் (ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகம் வரவைப்பது) செய்தேன். சுத்த தன்யாசி வந்தது. வகுப்பு உடனே அதை 'லா தோ ரே மி சோ' என்று திருப்பிப் பாடியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: நாம் கிரகபேதம் என்று கச்சேரியில் அபூர்வமாகச் செய்து காட்டுவதை, இவர்கள் ஏழு வயசுப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லாமலே பழக்கிவிடுகிறார்கள்.

ஹங்கேரியின் பழைய நாட்டுப்பாட்டுகளில் பெரும் பகுதி இந்த ஐந்து ஸ்வர அமைப்பில்தான் இருக்கிறது. மேலிருந்து கீழே இறங்கும், முதல் பாதியில் பாடியதை இரண்டாம் பாதியில் ஐந்து ஸ்வரம் தள்ளிக் கீழே பாடுவார்கள். மயிலைப் பற்றிய அப்படி ஒரு பாட்டை வைத்து கோடாய் 1939-இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு வேரியேஷன்ஸ் (ஒரே மெட்டைப் பல விதமாக மாற்றி அமைப்பது) எழுதினார். அந்த மூலப் பாட்டை வகுப்பில் பாடியபோது சுத்த தன்யாசியின் சாயல் அப்படியே காதில் விழுந்தது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது, மட்டும் இல்லை.

கமகம்தான் இந்த முறையின் எல்லை. தோடி காந்தாரத்தைப் பாடிக் காட்டினேன். அதற்கு எந்தக் கையைக் காட்டுவது? ஆசிரியை திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டார், இது சைகைக்குள் அடங்காது என்று அவரே சொன்னார். மாயாமாளவகௌளை சரளி வரிசை வரைக்கும் கை சைகை நன்றாகவே உதவும். கீதம் வரைக்கும்கூடச் சமாளிக்கலாம். வர்ணத்துக்கு மேல் அதைக் கொண்டுபோனால் ராகம் கட்டை கட்டையாக நின்றுவிடும். மல்லேஸ்வரத்தில் இருக்கும் என் குரு மாமி கிளம்பும்போதே சொல்லியனுப்பினார்: "போயிட்டு வாம்மா. ஆனா கமகத்த அங்க விட்டுட்டு வந்துடாத." அவர் பயந்தது நியாயம்தான்.

தாளத்துக்கு 'தா', 'தி-தி' என்று சொல்கிறார்கள். 'தக திமி' என்று மிருதங்கச் சொற்கட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இது சிறு பிள்ளைப் பாடம். அமெரிக்காவில் 1996-இல் வெளியான ஒரு ரிதம் பயிற்சி முறைக்குத் தகதிமி என்றே பெயர் வைத்து, நம் சொற்களிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தாளத்தில் கோடாய் வகுப்பு நமக்குப் புதிதாக ஒன்றும் தராது. ஒரே பாட்டைப் பாடிக்கொண்டே வேறு லயத்தைக் கையால் தட்டுகிற பயிற்சி மட்டும் நல்லது, வீட்டில் இப்போது அதைச் செய்ய வைக்கிறேன்.

சுருதி விஷயத்தில் கோடாய் நமக்கு ரொம்பவே நெருங்கியவர். பியானோவின் சமப்படுத்தப்பட்ட (எல்லா ஸ்வர இடைவெளியும் ஒரே அளவாக வைக்கப்பட்ட) சுருதியை வைத்துக்கொண்டு சுத்தமாகப் பாட முடியாது, குரல் குரலைக் கேட்டே சேர வேண்டும் என்று 1941-இலேயே எழுதியிருக்கிறார். நம் பள்ளிகளில் கீபோர்டு இல்லாமல் பாட்டு வகுப்பே இல்லை என்று ஆகிவிட்டதே, அதைப் பற்றி யாராவது நிர்வாகத்தோடு பேசும்போது இதைச் சொல்லலாம்.

ஊரில் இருக்கும் கோடாய் ஆரம்பப் பள்ளியிலும் ஒரு வகுப்பு பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் வட்டமாக நின்று விளையாட்டுப் பாட்டு பாடினார்கள். ஒருத்தி நடுவில் போய் நின்றாள், பாட்டு முடியும் இடத்தில் இன்னொருத்தியைக் கைப்பிடித்து இழுத்தாள். இப்படியே பல வாரம் போகும், அதன் பிறகுதான் நீங்கள் பாடிக்கொண்டிருந்தது 'சோ', 'மி' என்று பெயர் சொல்வார்களாம். பாட்டு முதலில், ஸ்வரம் அப்புறம். நாம் முதல் நாளே ச ரி க ம என்று தொடங்குகிறோம். சரளி வரிசையைக் குறை சொல்ல மாட்டேன், அது என்னை வளர்த்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் அதற்கு முன்னால் ஒரு டெர்ம் ஊஞ்சல் பாட்டும் கும்மியும் கண்ணாமூச்சிப் பாட்டும் வைத்தால் என்ன என்று தோன்றுகிறது.

இதில் ஒரு கேள்வியை நான் எடுத்துக்கொண்டு போனேன், பதில் கிடைக்கவில்லை. தாய்மொழி நாட்டுப்பாட்டிலிருந்து தொடங்கு என்பது கோடாயின் அடிப்படை. கெச்கெமேட்டில் அது சுலபம். என் வகுப்பில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற பிள்ளைகளும் உண்டு. யாருடைய தாலாட்டிலிருந்து தொடங்குவது? சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு மாணவிக்கும் இதே சிக்கல். ஒவ்வொரு பிள்ளையும் பாட்டியிடம் கேட்டு ஒரு பாட்டைக் கொண்டுவரட்டும், அதிலிருந்து மூன்று நாலு ஸ்வரத்துக்குள் அடங்குவதைப் பொறுக்கலாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். இது எங்கள் சொந்த யோசனை, இன்ஸ்டிட்யூட் சொன்னது அல்ல.

படிப்பு விவரம். எம்.ஏ. இரண்டு ஆண்டு. அதற்கு இசையில் இளங்கலைப் பட்டம் வேண்டும். என்னைப் போல் பி.காம்.மும் வித்வத்தும் வைத்திருப்பவர்கள் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பி, ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். குறுகிய காலப் படிப்புகளும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலையில் சர்வதேச கோடாய் செமினார் நடக்கிறது, வேலையில் இருப்பவர்களுக்கு அது வசதி. பாடங்களில் சோல்ஃபெஜ், கற்பிக்கும் முறை, கொயர் பாடுவது, கொயர் நடத்துவது, குரல், பியானோ எல்லாம் அடங்கும். ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்வரக் குறியீடான ஸ்டாஃப் நொட்டேஷன் தடங்கலில்லாமல் படிக்க வராவிட்டால் முதல் நாளே திணறுவீர்கள். பியானோவும் ஓரளவு கைக்கு வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கர்நாடக ஞானத்தை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

பணத்துக்கு, ஹங்கேரி அரசின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம் என்ற உதவித்தொகை இந்தியர்களுக்கும் உண்டு, லிஸ்ட் அகாடமியும் அதில் இருக்கிறது. கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது. மாதாந்திரத் தொகை, தங்குவதற்கு உதவி, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேரும். கடைசித் தேதி வழக்கமாக ஜனவரி நடுவில் வரும். ஹங்கேரி தளத்தில் விண்ணப்பித்தால் மட்டும் போதாது, நம் கல்வி அமைச்சகத்தின் பரிந்துரையும் வேண்டும். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஃபொசெலேக் என்று ஒன்று கொடுக்கிறார்கள், பருப்பிலும் காய்கறியிலும் கெட்டியாகச் செய்வது, நம்ம கூட்டு மாதிரியே இருக்கும். மேலே இறைச்சித் துண்டு வைத்துவிடுவார்கள், முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லாங்கோஷ் என்கிற எண்ணெயில் பொரித்த ரொட்டியும் கிடைக்கும். இன்ஸ்டிட்யூட்டுக்கு வெளியே வயதானவர்களிடம் ஆங்கிலம் அவ்வளவாகச் செல்லாது.

திரும்பும் வழியில் புடாபெஸ்டில் லிஸ்ட் அகாடமியின் பெரிய மண்டபத்தில் ஒரு கச்சேரி கேட்டேன். இசையமைப்பாளர் லிஸ்ட் 1875-இல் தொடங்கிய நிறுவனம், இந்தக் கட்டிடம் 1907-இல் திறந்தது. வயலினோ பியானோவோ மேடை அளவுக்கு வாசிக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், கெச்கெமேட்டை விட்டுவிட்டு இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். பார்டோக், கோடாய், ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் சோல்ட்டி என்று எத்தனை பேரை உருவாக்கிய இடம் என்று அந்தப் படிக்கட்டில் ஏறும்போதே தெரிந்துவிடும்.

நான் முதலில் ஜூலை செமினாருக்குப் போவது என்று முடிவு செய்திருக்கிறேன், எம்.ஏ. அதற்குப் பிறகு. கம்மனஹள்ளியில் ஒருவரிடம் பியானோ கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டேன். கோடாய் எழுதிய 333 வாசிப்புப் பயிற்சிகள் கொண்ட சின்னப் புத்தகத்தை அங்கேயே வாங்கி வந்தேன். அத்தனையும் நாட்டுப்பாட்டு அளவுக்குச் சின்னச் சின்ன வரிகள், பல மோகனத்துக்குள்ளேயே அடங்குபவை. ஸ்டாஃப் நொட்டேஷனைக் கண்டு தயங்குகிற கர்நாடக மாணவர்கள் யாராக இருந்தாலும், கெச்கெமேட் போகப்போகிறவரோ இல்லையோ, அதிலிருந்து தொடங்கலாம். என் வீட்டு வகுப்பில் பெரிய பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள்.